பல் கேள்வி – பதில்: பயத்தோடேயே வாருங்கள்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 39. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரொம்ப நாளாகவே கூச்சம். இனிப்பு பட்டால் சுரீரென்று இழுக்கும், அப்புறம் விட்டுவிடும். இப்போது அப்படியில்லை. ராத்திரி படுத்தால் போதும், காதுவரைக்கும் விண்விண்ணென்று தெறிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. சூடாக எதையும் வாயில் வைக்க முடியவில்லை. குளிர்ந்த தண்ணீரை ஒரு மடக்கு அந்தப் பக்கம் அடக்கிக்கொண்டால் வலி அடங்குகிறது. அதனால் தலைமாட்டில் பாட்டிலோடுதான் படுக்கிறேன்.

பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் இல்லை. சின்ன வயதில் ஒருமுறை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, மரத்துப்போவதற்குள்ளேயே என் பல்லைப் பிடுங்கினார்கள். "அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் அந்த டாக்டர். முடியவே இல்லை. போன வாரம் கணவரோடு ஒரு கிளினிக் வரைக்கும் போய் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து மெஷின் சத்தம் கேட்டதும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மீதமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்கள் டாக்டர். பல்லை அதற்கப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

பின்குறிப்பு: கடிதத்தை எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் இருந்தேன். நேற்றிலிருந்து வலி சட்டென்று நின்றுவிட்டது. நன்றாகத் தூங்கினேன். அப்படியானால் மாத்திரையிலேயே சரியாகிவிட்டதா?

– பெயர் வேண்டாம், ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம் அந்தப் பின்குறிப்புதான். இதழ் அச்சாகி வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால், படித்த அன்றைக்கே "நாளைக்கே போய்க் காட்டுங்கள்" என்று ஆசிரியர் குழு வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவது, இதே மாதிரி பாட்டிலோடு படுத்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து.

பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயுமாக ஒரு மெல்லிய சதை இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டுவிட்டால் அது வீங்கும். உடம்பில் வேறெங்கே வீங்கினாலும் தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும். பல்லுக்குள் அந்த இடம் கிடையாது. சுற்றிலும் கல் மாதிரி சுவர். அதனால் அழுத்தம் முழுக்க நரம்பின்மேல்தான் விழும். படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடும், வலியும் கூடும். குளிர்ச்சி பட்டால் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், அழுத்தம் இறங்கும். உங்கள் பாட்டில் செய்த வேலை அதுதான். சூட்டில் துடித்துக் குளிர்ச்சியில் அடங்குகிற பல், தானாகத் தேறுகிற கட்டத்தைத் தாண்டிவிட்ட பல். அது ஆன்டிபயாடிக்கால் திரும்பி வராது.

பிறகு ஏன் வலி நின்றது? பெரும்பாலும் அந்த நரம்பு செத்துப்போயிருக்கும். வலியைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். கிருமிகள் உள்ளேயேதான் இருக்கின்றன. வேரின் நுனி வழியாக மெல்ல எலும்புக்குள் இறங்கும். சில நாளிலோ சில மாதத்திலோ அடுத்த வலி வரும். அது வேறு மாதிரி இருக்கும்: கடித்தால் வலிக்கும், அந்தப் பல் மட்டும் மற்றதைவிட உயரமாகிவிட்டதுபோல் தோன்றும், ஈறில் ஒரு கொப்புளம் வரும், அல்லது காலையில் எழுந்தால் கன்னம் வீங்கியிருக்கும். வலி நின்ற இந்த நாட்கள்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல அவகாசம். வீக்கம் இல்லாத பல்லில் வேலை செய்வது எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம்.

அந்த ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. மாத்திரை ரத்தத்தோடு போய்ச் சேர வேண்டும். செத்த சதைக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. நரம்பு வீக்கத்தால் வரும் பல்வலிக்கு, பல் மருத்துவம் கிடைக்கிற இடத்தில், ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. காய்ச்சலோ பரவுகிற வீக்கமோ இருந்தால் கணக்கு வேறு. அப்போது நாங்களே எழுதித் தருவோம். வீட்டில் மிஞ்சியதை நீங்களாக விழுங்குவதில் எனக்குக் கோபம்தான். ஆனால் டாக்டரிடம் போகும்போது அதை மறைக்காதீர்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள், அட்டையையும் கொண்டுபோங்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரை தாங்குவதற்கு, பெரியவர்களுக்கு இபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பல்வலிக்குத் தனித்தனியாகப் போடுவதைவிடப் பலன் அதிகம். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருப்பவர்களுக்கு இந்த அளவே அதிகம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வருகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் கேட்காமல் இபுபுரூஃபனைத் தொடக் கூடாது. ஆஸ்பிரினை நசுக்கி ஈறில் வைக்காதீர்கள். ஈறு வெந்து வெள்ளையாக உரியும், இரண்டு வலியோடு வருவீர்கள். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், பஞ்சில் ஒரு சொட்டு போதும், அதற்குமேல் அதுவும் சதையைப் புண்ணாக்கும். கன்னத்தில் சூடு ஒத்தடம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இது பயம் சம்பந்தப்பட்டதே அல்ல. நாக்குக்கு அடியிலோ தாடைக்கு அடியிலோ வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது, மூச்சு சிரமம், கண் மூடுகிற அளவுக்கு வீக்கம், வீக்கத்தோடு குளிர்காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தால்கூடப் பல் டாக்டரின் நேரம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு. வாயின் அடித்தளத்தில் பரவுகிற இந்தச் சீழ்நோயை 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். இன்றைக்கும் அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறோம். தொடங்குவது பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான்.

சரி, பயத்துக்கு வருகிறேன்.

"பயம் போகட்டும், அப்புறம் வருகிறேன்" என்று எத்தனை பேர் என்னிடம் போனில் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. அது அப்படிப் போவதில்லை. கிளினிக் வாசலிலிருந்து திரும்பினீர்களே, வெளியே வந்ததும் ஒரு நிம்மதி வந்திருக்குமே, அந்த நிம்மதிதான் பயத்துக்குப் போடுகிற தீனி. "ஓடினால் தப்பிக்கலாம்" என்று உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டால், அடுத்த முறை தெருமுனையிலேயே கை வேர்க்கும். பயம் குறைவது, பயந்துகொண்டே உள்ளே போய், நினைத்தது நடக்காமல் வெளியே வரும்போதுதான். அதனால் பயத்தை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்ல மாட்டேன். கூடவே கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னிடம் சொல்லுங்கள் என்பது மட்டும்தான் நிபந்தனை.

சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் ஒரு வழி உண்டு. நார்மன் கோரா என்ற உளவியலாளர் 1969-இல் பல் பயத்தை அளக்க நான்கு கேள்விகள் எழுதினார். பிறகு ஊசியைப் பற்றி இன்னொரு கேள்வியைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டுமென்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி, பல்லைத் துளைக்கும்போது எப்படி, பல்லைச் சுத்தம் செய்யும்போது எப்படி, மேல் கடைவாய் ஈறில் ஊசி போடும்போது எப்படி. ஒவ்வொன்றுக்கும் "பயமே இல்லை" என்றால் 1, "தாங்கவே முடியாது" என்றால் 5. கூட்டிப் பாருங்கள். 19 அல்லது அதற்கு மேல் வந்தால் உங்களுடையது கடுமையான பல் பயம். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மேசைமேல் வைத்துவிடுங்கள், வாயைத் திறக்காமலேயே பாதி விஷயம் சொன்னதாகிவிடும். மருந்து ஒவ்வாமையை எழுதிக்கொள்வது மாதிரி நான் அதையும் கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதி வைப்பேன்.

நேரம் கேட்டுப் போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: "எனக்குப் பல் டாக்டர்னாலே பயம். சின்ன வயசுல மோசமான அனுபவம். இன்னைக்கு வலிக்கு மட்டும் பாருங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். உங்களை ஓட வைத்தது பக்கத்து அறையின் சத்தம். முதல் ஆளுக்கு அந்தச் சத்தம் கிடையாது. காதில் மாட்டிக்கொள்ள ஏதாவது கொண்டுபோங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், பசியும் பயமும் சேர்ந்தால் தலை சுற்றும். கணவர் வரட்டும், ஆனால் "இதுக்குப் போயா?" என்று கேட்கிற ரகமாக இருந்தால் வெளியே உட்கார வையுங்கள். தைரியத்துக்குக் குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வழியில்லை.

பயந்தவர்களை நான் நாற்காலியில் ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவேன். முழுக்கச் சாய்ந்த பிறகும் ஒரு கால் மட்டும் தரையில் ஊன்றியிருக்கும். நல்ல வாட்டசாட்டமான ஆட்கள்கூட அப்படித்தான். ஒரு கனரக வாகன ஓட்டுநர் வருவார், இன்றைக்கும் அவருக்கு இடது கால் தரையில்தான். நான் எடுக்கச் சொல்வதில்லை. எழுந்து போக முடியும் என்று அந்தக் கால் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது, போகாமல் உட்கார்ந்திருக்க அதுவே போதும். உங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். கையைக் காலைப் பிடித்து வைத்தார்கள். வலியைவிட, "நிறுத்து" என்று சொல்ல முடியாமல் போனதுதான் பலருக்கு இத்தனை வருடம் நிற்கிறது. அதனால் ஊசிக்கு முன்னால் ஒரு ஒப்பந்தம்: இடது கையைத் தூக்கினால் டாக்டர் கையை எடுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. முதலில் வலி எதுவும் இல்லாதபோதே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உண்மையிலேயே நிறுத்துகிறாரா என்று தெரிந்துவிடும்.

அறைக்குள் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். தெரியாதது பெரிதாகத் தெரியும். முதலில் பேச்சு. பிறகு ஒரு எக்ஸ்ரே. குளிர்ச்சியான பஞ்சைப் பல்மேல் ஒற்றி எடுப்போம், கைப்பிடியால் லேசாகத் தட்டுவோம். நீங்கள் காட்டும் பல்லை விட்டுவிட்டு முதலில் நல்ல பல்லைத் தட்டுவேன், எது இயல்பு என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். இது முக்கியம். ஏனென்றால் பல்வலி ஆளை ஏமாற்றும். மேல் பல் வலிக்கக் கீழ்ப் பல்லைக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். (படி ஏறினாலோ வேகமாக நடந்தாலோ மட்டும் தாடை வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்றால் அது இதயத்தின் வலியாகவும் இருக்கலாம். அங்கே முதலில் போக வேண்டியது இதய மருத்துவரிடம்.)

அடுத்து ஊசி. ஈறைத் துடைத்து உலர்த்தி, மரத்துப்போகும் ஜெல்லைத் தடவிவிட்டு ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் ஊசியின் பருமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. குத்துவதைவிட மருந்து வேகமாக இறங்குவதுதான் வலிக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தில் செலுத்தினால் ஒரு கனம் மட்டும் தெரியும். ஒரு குப்பியில் இருப்பது சுமார் 2 மில்லிலிட்டர்தான். "மெதுவா போடுங்க டாக்டர்" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஊசி போட்ட சில நொடியில் நெஞ்சு படபடவென்று அடிக்கலாம், கை லேசாக நடுங்கலாம். மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் செய்கிற வேலை அது, சில நிமிடத்தில் அடங்கிவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், "எனக்கு ஊசி ஒத்துக்காது, போட்டா மாரடைப்பு மாதிரி வருது" என்று வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கசப்பான ஒன்று. வீங்கிய நரம்போடு இருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்தான் மரக்கச் செய்யக் கஷ்டமான பல். கீழ்த்தாடை எலும்பு தடிமன், அதனால் மருந்தை வெகு பின்னால், நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தில் போட வேண்டும். எரிச்சலில் இருக்கும் நரம்பு அந்த மருந்துக்கு லேசில் மசியாது. "உதடு மரத்துப்போச்சா?" என்று டாக்டர் கேட்பார். மரத்திருக்கும். உதடு மரத்ததால் பல்லும் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. துளைப்பதற்கு முன்னால் அந்தக் குளிர்ந்த பஞ்சை மறுபடி பல்லில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறைத்தால் பல்லைச் சுற்றி, வேரை ஒட்டி இன்னும் கொஞ்சம் மருந்து போட வேண்டும். அதற்கு வழிகள் இருக்கின்றன, நேரம்தான் வேண்டும். மரக்கச் செய்யும் மருந்தான லிடோகெயினை ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கினார், 1948-இலிருந்து அது புழக்கத்தில் இருக்கிறது. நீங்கள் சிறுமியாக இருந்தபோதும் அந்த மருந்து அலமாரியில் இருந்திருக்கும். உங்களுக்குக் கிடைக்காமல் போனது இன்னும் ஒரு பத்து நிமிடம். அதற்காக எங்கள் தொழிலில் உள்ளவர்கள்மேல் உங்களுக்குக் கோபம் இருந்தால், நியாயமான கோபம்.

மரத்த பிறகும் அழுத்தமும் அதிர்வும் தெரியும். வலிக்கான நரம்பிழைகள் அடங்கியிருந்தாலும், தள்ளுவதும் இழுப்பதும் தெரியத்தான் செய்யும். அதை வலியின் முன்னறிவிப்பு என்று நினைத்துக்கொண்டு உடம்பை இறுக்குவார்கள். சந்தேகமாக இருந்தால் கையைத் தூக்குங்கள், வலியா அழுத்தமா என்று இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு பல்லின் மேல்பகுதியைத் திறந்து, உள்ளே இருக்கும் கெட்ட சதையை எடுத்து, மருந்து வைத்து மூடுவோம். கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் தூக்கியதுபோல் அழுத்தம் இறங்கிவிடும். முதல் நாள் வேலை அவ்வளவுதான். மீதி ரூட் கெனாலை, அதாவது வேருக்குள் இருக்கும் குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதை, அடுத்த முறை வலி இல்லாத நிலையில் செய்துகொள்ளலாம். அடுத்த முறைக்குக் கட்டாயம் போங்கள். வலி போனதும் தற்காலிக அடைப்போடு காணாமல் போகிறவர்கள் ஒரு கூட்டம், அவர்களை நான் அடுத்து பார்ப்பது வீங்கிய கன்னத்தோடு.

இவ்வளவுக்கும் மேல் முடியவில்லை என்றால் மயக்கம் சார்ந்த உதவிகள் இருக்கின்றன. மூக்கில் வைக்கும் முகமூடி வழியாக நைட்ரஸ் ஆக்சைடு கொடுப்பது பழைய, நல்ல முறை. 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த வாயுவைச் சுவாசித்துவிட்டுத் தன் கடைவாய்ப் பல்லையே பிடுங்க வைத்து அதைச் சோதித்தார். இன்றைக்கு ஆக்சிஜனோடு கலந்து அளவாகக் கொடுக்கிறோம். நினைவு இருக்கும், பதற்றம் இருக்காது, முகமூடியை எடுத்த சில நிமிடத்தில் தெளிந்துவிடும். பதற்றம் தணிக்கும் மருந்தை மாத்திரையாகவோ ரத்த நாளத்தில் ஊசியாகவோ கொடுப்பதும் உண்டு. அதற்குக் கூட ஆள் வர வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. தூக்க மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள். பல வருடப் பயமாக இருந்தால், இந்த அவசரம் தீர்ந்த பிறகு, பயங்களுக்குச் சிகிச்சை தரும் மனநல நிபுணரைச் சில முறை பார்ப்பது நல்ல பலன் தரும். வரிசை முக்கியம்: முதலில் பல்.

உள்ளே போனதும் "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று யாராவது அதட்டினால், "அதுக்குத்தான் பயந்தேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கும் அடங்காத டாக்டரானால் வேறு டாக்டரைப் பாருங்கள். ஆனால் அன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: மேடம், எனக்கு டாக்டர்மேல் பயமே கிடையாது. ஊசியைப் பார்த்தால் மட்டும் கண் இருட்டி விழுந்துவிடுகிறேன். ஆண்பிள்ளை இப்படி விழலாமா என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஞானப்பல் எடுக்க வேண்டும் என்கிறார்கள், எப்படிப் போவது? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: விழலாம் தம்பி, நிறையப் பேர் விழுகிறார்கள். மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ஊசி, ரத்தம் பார்த்து வரும் இந்தப் பயத்தில் மட்டும் முதலில் ஏறிவிட்டுச் சட்டென்று இறங்கும், அதனால்தான் மயக்கம். மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நண்பர்களிடம் சொல்லுங்கள். "ரிலாக்ஸ் ஆகு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கும். உங்களுக்கு வேண்டியது இறுக்குவது. ஸ்வீடனின் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1980-களில் இதற்கென ஒரு பயிற்சியை வகுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகிற வரைக்கும் 10 முதல் 15 நொடி இறுக்கிப் பிடியுங்கள், விட்டுவிட்டு 20, 30 நொடி சும்மா இருங்கள், மறுபடி இறுக்குங்கள். வீட்டிலேயே தினமும் ஐந்து சுற்றாகப் பழகிவிட்டுப் போங்கள். ஊசி போடும்போது தாடையையும் கழுத்தையும் மட்டும் தளர்வாக விடுங்கள். விழுகிற வழக்கம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாற்காலியைப் படுக்கைவாட்டில் வைத்தே போடுவார்கள். படுத்திருக்கும் ஆளுக்கு விழ இடம் ஏது?

கேள்வி: ரூட் கெனால் என்றால் இரண்டு மூன்று முறை போக வேண்டுமாம். பயந்த ஆளுக்கு ஒரே தடவையில் பல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டால் நல்லதுதானே? – ஒரு வாசகர்

பதில்: உங்கள் கணக்கு புரிகிறது. ஒரு முறை பயந்தால் போதும் என்கிறீர்கள். ஆனால் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் பல் அந்த இடைவெளியை நோக்கி இறங்கும், பக்கத்துப் பல் சாயும். அதைத் தடுக்க, பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பாலமோ எலும்பில் பதிக்கும் இம்பிளான்டோ வைக்கத்தான் போகிறீர்கள், அதற்கும் ஊசி உண்டு, நாற்காலி உண்டு. பல முன்பல், சில கடைவாய்ப் பல் ஆகியவற்றுக்கு ரூட் கெனாலை ஒரே அமர்விலும் முடிக்க முடியும், கேட்டுப் பாருங்கள். பல் ஈறுக்குக் கீழே உடைந்துவிட்டது, வேர் பிளந்துவிட்டது என்றால் நானே பிடுங்கத்தான் சொல்வேன். முடிவை எக்ஸ்ரே பார்த்து எடுங்கள், ராத்திரி இரண்டு மணி வலியில் எடுக்காதீர்கள்.

எடுத்துவிட்டீர்களா, முதல் நாள் வாயை வேகமாகக் கொப்பளிக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், புகைக்காதீர்கள். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் மூன்றாவது நாள் வாக்கில் ஒரு வலி வரும். பிடுங்கிய வலி அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பல்லில் சொத்தை, ராத்திரியில் அழுகிறாள். எனக்கே பல் டாக்டர் என்றால் நடுக்கம். அவளுக்கும் அது ஒட்டிக்கொள்ளாமல் எப்படிக் கூட்டிப்போவது? – ஒரு தாய்

பதில்: ராத்திரியில் அழுகிறாள் என்றால் இந்த வாரமே கூட்டிப்போங்கள், பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விடாதீர்கள். அதற்கடியில் நிரந்தரப் பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. "வலிக்காது", "ஊசி போட மாட்டாங்க" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போட நேர்ந்தால் உங்களையும் நம்ப மாட்டாள், என்னையும் நம்ப மாட்டாள். "பல்லை எண்ணிப் பார்ப்பாங்க, எது அழுக்குன்னு பார்ப்பாங்க" என்பது போதும், மீதியை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்று குழந்தைப் பல் மருத்துவத்தில் ஒரு முறை உண்டு. காற்றடிக்கும் குழாயை முதலில் அவள் விரலில் அடித்துக் காட்டிவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோவேன். "சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று வீட்டில் யாரும் மிரட்ட வேண்டாம். ஊசி போட்டிருந்தால், மரத்த உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தது புதிதாக இருப்பதால் குழந்தைகள் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிவிடுவார்கள்.

உள்ளே உங்கள் கை நடுங்கும் என்றால், பயமில்லாத அத்தையோ தாத்தாவோ அவளோடு உள்ளே வரட்டும். நீங்கள் வெளியே இருங்கள். அவள் வந்து போன பிறகு, உங்கள் பல்லுக்கும் ஒரு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள்.